சுவக்கீன் மென்ற ஏலக்காய்

சுவக்கீன் அண்ணன் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாந்தன்பாறை ஜீப் ஸ்டாண்டுக்கு எதிரே என் பஞ்சர் கடை. சவாரி இல்லாத நேரத்தில் மற்ற டிரைவர்கள் சீட்டில் காலை நீட்டிக் குறட்டை விடுவார்கள். இவர் மட்டும் தன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார். டயரை உதைத்துப் பார்ப்பார். காற்று சரியாகத்தான் இருக்கும். பானெட்டைத் திறப்பார், உள்ளே ஒன்றும் செய்யாமல் மூடுவார். டீக்கடையில் வாங்கிய கிளாஸோடு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்து, பாதி டீயைக் குடித்துவிட்டு மீதியோடு திரும்பிப் போவார். பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத் தலை சுற்றும்.

"அண்ணே, ஒரு நிமிசம் குத்தவையேன்" என்றால், "உக்காந்தா என்னமோ போல இருக்குடா பாண்டி" என்பார். அந்த 'என்னமோ' என்னவென்று நானும் கேட்டதில்லை.

அவருடைய அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி வந்தவர். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த சுவக்கீனைப் பள்ளிக்கூடத்து பெஞ்சில் உட்கார வைக்க எந்த வாத்தியாராலும் முடியவில்லை. மீசை முளைக்கும் முன்னே ஜீப்பில் கிளீனராகத் தொற்றிக்கொண்டார். பிறகு டிரைவர், பிறகு சொந்த வண்டி. விடியற்காலையில் போடிக்கு இறங்கி, தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் மேலே வருவார். சாயங்காலம் அவர்களைத் திரும்பக் கொண்டுபோய் விடுவார். மூடுபனியில் முன்னால் போகும் வண்டி தெரியாது. இவருக்கு ரோடு தெரியும்.

குடிக்கவும் குடித்தார். கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் காலத்தில் கத்தரீனாள் மதினி பட்ட பாட்டை நான் எழுதினால் அவளே வந்து என்னை அடிப்பாள். மதினிக்கு அழத் தெரியாது, திட்டத்தான் தெரியும். அண்ணனும் அடிதடி செய்கிற ஆளில்லை. அவருடைய வழி பொய்தான். எழுந்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "கத்தரீ, வயிறு வலிக்குதுடி, ஒரு மருந்து வாங்கிட்டு வந்துர்றேன்" என்று கிளம்புவார். மருந்து எந்தக் கடையில் விற்கிறது என்று ஊருக்கே தெரியும். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் இருக்கும். எங்கள் மலையில் குடிகாரன் எவனும் பாக்குப் போட மாட்டான். நாலு ஏலக்காயைக் கடித்துக்கொண்டுதான் வீட்டுப் படி ஏறுவான். அதனால் ஆம்பிளை வாயில் ஏலக்காய் மணந்தால் அவன் குடித்திருக்கிறான் என்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

ஒரு மழைநாளில் போடிமெட்டுக்குக் கீழே வண்டியின் பின்சக்கரம் ரோட்டை விட்டு இறங்கி அந்தரத்தில் நின்றது. உள்ளே வண்டி நிறையப் பெண்கள். ஒவ்வொருத்தியாக முன்பக்கம் வழியே இறங்கினார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கடைசியாக இறங்கியவள் திரும்பி அவரை ஒரு பார்வை பார்த்தாளாம். அன்றைக்கே போதையெல்லாம் தெளிந்து மதினியிடம் வந்து, இனி தொடமாட்டேன் என்றார்.

"என்கிட்டச் சொல்லாதீங்க. அந்தோணியார்கிட்டச் சொல்லுங்க" என்றாள் மதினி.

கோயில் வளாகத்தில் அந்தோணியார் சிலை இருக்கும் கெபிக்கு இழுத்துக்கொண்டு போனாள். மெழுகுதிரி கொளுத்தி, முழங்காலில் நிற்க வைத்தாள். இனி குடிக்க மாட்டேன் என்று நேர்ச்சை நேர்ந்தார். மதினிக்கு அது போதவில்லை.

"இன்னொண்ணும் சொல்லுங்க. இனிமே என்கிட்ட வயித்து வலின்னு வாயத் தொறக்க மாட்டேன்னு."

அதையும் சொன்னார். ஒரே மெழுகுதிரிக்கு இரண்டு நேர்ச்சை. ஸ்டாண்டில் இதை வைத்து வெகுநாள் அவரைக் கிண்டல் செய்தோம். அவரும் சிரிப்பார். ஆனால் இரண்டையும் காப்பாற்றினார். பிள்ளை ரிஜின் படித்தான், சவுதிக்கு ஏசி வேலைக்குப் போனான், லயத்தை விட்டு வெளியே சொந்தமாக ஒரு வீடும் எழும்பியது. பதினைந்து வருடம் அந்த வீட்டில் சண்டையென்றால் உப்புக்கும் புளிக்கும்தான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், துணி துவைக்கும்போது அவருடைய சட்டைப் பையில் ஏலக்காய்த் தொலி கிடந்தது.

மதினி முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் படுக்கும்போது மோந்து பார்த்திருக்கிறாள். காலையில் வண்டி எடுக்கும்போதும் மோந்து பார்த்திருக்கிறாள். காலையிலும் மணந்தது, சாயங்காலமும் மணந்தது. ஆளும் இளைத்துக்கொண்டே வந்தார். சோற்றைப் பிசைந்து பாதியில் எழுந்து, வாசலில் போய் நின்றுகொண்டார். அவளுக்குத் தெரிந்த கணக்கில் இதற்கெல்லாம் ஒரே விடைதான் உண்டு. ஜீப் சீட்டைத் தூக்கிப் பார்த்தாள், டூல்ஸ் பெட்டியைக் கவிழ்த்தாள், கோழிக்கூட்டுக்குள் கைவிட்டாள். பாட்டில் கிடைக்கவில்லை. கிடைக்காததும் அவளுக்குக் கோபம். எங்கே ஒளித்து வைக்கிறான் என்கிற கோபம்.

ஒருநாள் சாயங்காலம் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டாள். வேலை முடிந்த பெண்கள் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்தார்கள். டிரைவர்கள் எல்லோரும் இருந்தார்கள், நானும் இருந்தேன்.

"ஊதுங்க" என்றாள்.

"என்னடி இது, நாலு பேரு முன்னாடி..."

"நாலு பேரு உயிரு உங்க கையில இருக்கு. அவங்களுக்கும் தெரியட்டும். ஊதுங்க."

செக்கிங்கில் போலீஸ்காரன் முகத்துக்கு நேரே நிற்பது போல நின்றாள். அண்ணன் காலை மாற்றி மாற்றி வைத்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஊதினார்.

"நல்லா ஊதுங்க."

நல்லா ஊதினார். ஏலக்காய் வாசம் எனக்கே அடித்தது. எவனோ ஒருத்தன் சிரித்தான், ஸ்டாண்டே சிரித்தது. ஜீப்பில் ஏறியிருந்த இரண்டு பெண்கள் இறங்கி இன்னொரு டிரைவர் ஷிஜுவின் வண்டிக்குப் போனார்கள். மதினி அதைப் பார்த்தாள், திரும்பி நடந்தாள். அண்ணன் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டார். அன்றைக்கு வெகுநேரம் அந்தத் தலை வெளியே வரவில்லை.

"ஏண்ணே, குடிக்கலேன்னு ஒரு வார்த்த சொல்ல வேண்டியதுதான?" என்று கேட்டேன்.

"சொன்னேன்டா. நான் சொன்னா அது சொல்லா?" என்றார். "முன்னாடியும் இதே வாயிதான சொல்லுச்சு."

அப்புறம் ஏன் ஏலக்காய் மெல்லுகிறாய் என்று கேட்டேன். என் கடைப் படியில் ஒரு காலை வைத்து, அந்தக் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

போன வருடம் மழை விட்ட சமயம், பூப்பாறை தாண்டி வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துவிட்டார். பின்னால் வந்த ஷிஜுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கட்டிகள். இரத்தத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். ஈரல் புற்றுநோய் வந்தவர்களுக்கு ஏறுகிற ஒரு சத்து, அது தாறுமாறாக ஏறியிருந்தது. சின்ன வயது டாக்டர், முகத்தைப் பார்க்காமலே, "குடிக்குமோ?" என்று கேட்டார்.

அண்ணன், "இல்ல சாரே" என்றார். மதினி ஜன்னலைப் பார்த்தாள். டாக்டர் அவளுடைய முகத்தைத்தான் நம்பினார்.

அவ்வளவுதான். ஊருக்கு வேறென்ன வேண்டும்? ஈரல் என்றால் குடி. சவுதியிலிருந்து ரிஜின், "அப்பாவ ஒண்ணும் கேக்காதம்மா, இனிமே கேட்டு என்ன" என்று போனில் அழுதான். அவனும் நம்பவில்லை. பக்கத்து வீட்டு பிலோமி ஜெபம் சொல்ல வந்தவள், குடியை விட்டவர்கள் திரும்ப விழுவது எப்படி என்று மதினிக்கு விளக்கிவிட்டுப் போனாள். மதினி சண்டையை நிறுத்திவிட்டாள். கஞ்சி வைத்தாள், வெந்நீர் போட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள், முகத்தை மட்டும் கொடுக்கவில்லை. திட்டினாலாவது பரவாயில்லை என்று அண்ணன் என்னிடம் புலம்பினார்.

வண்டி ஓட்ட முடியாத நாட்களிலும் நடந்து ஸ்டாண்டுக்கு வந்துவிடுவார். வந்து நிற்பார், போவார், திரும்ப வருவார். ஒருநாள் நான் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "பாண்டி, சாவுறதப் பத்தி இல்லடா. எல்லாரும் போறதுதான். கத்தரீ என்னைக் குடிகாரன்னு நெனச்சுக்கிட்டிருக்கும்போதே போயிரக் கூடாது. கல்லறையில மண்ணு போடும்போதும் அதையேதான நெனப்பா?"

டியூபில் ஓட்டையைத் தேடினேன்.

கோட்டயம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். ரிஜின் உடனே வர முடியவில்லை. நானே அவருடைய ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அண்ணன், கியரை மாத்து, ஹாரன் அடி, லெப்ட்ல பாரு என்று என் உயிரை எடுத்தார். மதினி பின்சீட்டில் ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்றுகூட நகரவில்லை, கண்ணாடியில் பார்த்தேன்.

அங்கே இருந்தது சோனா என்றொரு டாக்டரம்மா. மலையாளம் கலந்த தமிழ் பேசினார். பழைய ரிப்போர்ட்டைப் பார்த்தார், புதிதாகவும் இரத்தம் எடுக்க வைத்தார். மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"கட்டிய விட்டுட்டா பாக்கி ஈரல் நல்லாதான் இருக்கு" என்றார். "சுருங்கல. கெடல. ஈரல் கெடாமலும் ஈரல் கேன்சர் வரலாம், வராதுன்னில்ல. ஆனா எனக்கு ஒரு சம்சயம் உண்டு. இரத்தம் வேற ரொம்பக் குறவு. சேட்டா, வயித்துல வேதன உண்டோ?"

நாற்காலி நுனியில் இருந்த அண்ணன் எழுந்தார், உட்கார்ந்தார். மதினியைப் பார்த்தார். டாக்டர் திரும்பவும் கேட்டார். அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு, "இவள கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க" என்றார்.

மதினியின் முகம் கல்லாகிவிட்டது. கடைசியில் குடித்ததை ஒத்துக்கொள்ளப் போகிறார், அதையும் தன் முன்னால் சொல்ல மாட்டார் என்று நினைத்திருக்கிறாள். பிறகு அவளே என்னிடம் சொன்னது இது. எழுந்து திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் போனாள். திரைக்கு அடியில் அவளுடைய செருப்பு தெரிந்தது. நான் எழுந்தபோது, "பாண்டி இருக்கட்டும்" என்றார் அண்ணன்.

பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "டாக்டரே, ரெண்டு வருசமா வயிறு வலிக்குது."

டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "இது சொல்லவா பாரியாவ வெளிய விட்டது?"

"அவகிட்ட வயித்து வலின்னு சொல்ல மாட்டேன்னு அந்தோணியாருக்கு நேர்ச்சை. முன்னாடி குடிக்கப் போறதுக்கு அதத்தான் சொல்லிட்டுப் போவேன். இப்ப நெசமாவே வலிக்குது. யார்கிட்டப் போய்ச் சொல்ல? உக்காந்தா இங்கன கூடுது. நின்னா, நடந்தா கொஞ்சம் தேவல. ஏலக்காய மென்னு சாறு எறங்குனா கொஞ்ச நேரம் அடங்கும். அதான் பையில போட்டுக்குவேன்."

மேல்வயிற்றைத் தொட்டுக் காட்டினார். வெளிக்கி கருப்பாகப் போனதா என்று டாக்டர் கேட்டார். போனது, தார் மாதிரி, ஒரு வருடமாக. யாரிடமும் சொல்லவில்லை.

நான் திரையின் அடியைப் பார்த்தேன். செருப்பைக் காணோம்.

வெளியே போய்த் தேடினேன். மதினி மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தாள். கையில் சீட்டு இல்லை. வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. வரிசை நகர நகர அவளும் நகர்ந்தாள். ஜன்னலுக்கு வந்ததும் உள்ளே இருந்த பெண், "எந்தா வேண்டே?" என்று கேட்க, விலகி வந்து திரும்பவும் வரிசையின் கடைசியில் நின்றாள். "மதினி" என்றேன். "பேசாத பாண்டி" என்றாள். எனக்கு அன்றைக்குத்தான் அந்த மனுஷி மேல் இரக்கம் வந்தது. அதுவரை அண்ணன் மேல் மட்டும்தான் இருந்தது.

வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் ஒரு புண், அதன் ஓரமெல்லாம் தடித்து. சதையைக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஈரலிலிருந்தும் ஊசியால் எடுத்தார்கள். முடிவு வரும்வரை பக்கத்தில் ஒரு லாட்ஜ் அறையில் கிடந்தோம். கிடந்தோம் என்று சொல்வது தப்பு, அண்ணன் கிடக்கவில்லை. படியில் ஏறினார், இறங்கினார். லாட்ஜின் உடைந்த கேட்டைச் சரிசெய்து கொடுத்தார். என்னால் அந்த அறையில் இருக்கவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை. மதினி அவரைப் பார்ப்பாள், ஏதோ கேட்க வாயெடுப்பாள், சாப்பிட்டீங்களா என்று கேட்பாள். சாப்பிட்டுக் கை கழுவி வந்த ஆளிடம் அதைக் கேட்பாள். திரைக்குப் பின்னால் அவள் கேட்டுவிட்டாள் என்பது அண்ணனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். சொல்லட்டுமா வேண்டாமா என்று நாக்கு அரித்தது. புருஷன் பெண்டாட்டிக்குள் இருப்பது என்று அடக்கிக்கொண்டேன், என் வாழ்க்கையில் முதல் தடவையாக.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்தார். அண்ணன் மட்டும் நின்றார்.

"இது ஈரல்ல தொடங்கினதில்ல" என்றார். "வயித்துல தொடங்கினது. வயித்துல வர்ற கேன்சர்லயே ரொம்ப அபூர்வமா ஒண்ணு உண்டு. மைக்ரோஸ்கோப்ல பாத்தா ஈரல் கேன்சர் போலவே இருக்கும். இரத்தத்தில அந்தச் சத்தையும் ஏத்திவிடும். ஈரலுக்குப் பரவவும் செய்யும். அதான் எல்லாரும் ஈரல்னு நெனச்சது. நல்லா படிச்சவங்களுக்கும் தெற்று பற்றும், தப்பாப் போகும்."

"அப்ப குடி?" என்றாள் மதினி. திரைக்குப் போய்வந்த பிறகு டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி அது. தனக்காகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் காதில் விழட்டும் என்று கேட்டாள்.

"குடிச்சதினால வந்ததுன்னு சொல்ல என்கிட்ட ஒண்ணுமில்ல. குடிச்சுக் கெட்ட ஈரலும் இல்ல இது."

அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படியே பின்னால் சாய்ந்தும் உட்கார்ந்தார். டாக்டர் மேற்கொண்டு சொன்னதை மதினியும் நானும்தான் கேட்டோம். முழுதாகக் குணப்படுத்த முடியாது, பரவிவிட்டது, மருந்து ஏற்றினால் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்தலாம், வயிற்றில் இருந்தபோதே பார்த்திருந்தால் வேறு மாதிரி இருந்திருக்கலாம். இந்தக் கடைசி வாக்கியத்தில் மதினி கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் மருந்து ஏற்றிவிட்டு மலை ஏறினோம். சாந்தன்பாறை வந்ததும், "ஸ்டாண்டுல நிறுத்துடா" என்றார் அண்ணன். நிறுத்தினேன். இறங்கி, ஆள் ஆளாகப் போய்ச் சொன்னார்.

"ஷிஜு, ஈரல் இல்லடா, வயிறு! டாக்டரம்மா படம் போட்டுச் சொல்லிட்டாங்க. குடியில வந்ததில்ல."

டிரைவர்களுக்கு என்ன புரிந்ததோ, ஈரல் இல்லையென்றால் நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டு கை கொடுத்தார்கள். ஒருத்தன் தோளைத் தட்டினான். பரீட்சையில் பாஸான பையனைப் போல அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். கல்யாணத்தில்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டார்.

மதினி ஜீப்பை விட்டு இறங்கினாள். "போதும், வாங்க" என்றாள். "என்னத்துக்கு இம்புட்டுச் சந்தோசம்? அந்தம்மா மிச்சம் என்ன சொல்லுச்சுன்னு காதுல விழுந்துச்சா இல்லையா?"

"விழுந்துச்சு. அது கெடக்கட்டும்" என்றார். "நீ நம்புனேல்ல?"

அவள் பதில் சொல்வதற்குள் அவருடைய முகம் மாறியது. சிரிப்பு அப்படியே நிற்க, உடம்பு மட்டும் ஒரு பக்கம் மடங்கியது. கை பழக்கத்தில் சட்டைப் பைக்குப் போனது. ஒரு காயை எடுத்து வாய்வரை கொண்டு போனார். மதினி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்யுது? சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"திரைக்குப் பின்னாடி நின்னு எல்லாத்தையும் கேட்டேன். சொல்லுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தார். "நேர்ச்சை இருக்கு கத்தரீ."

"அந்தோணியார்கிட்ட நான் பேசிக்கிறேன். நேர வச்சவ நான்தான? நீங்க சொல்லுங்க."

அவர் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். எனக்குக் கேட்கவில்லை.

"நல்லா சொல்லுங்க" என்றாள் மதினி. "நாலு பேருக்கும் கேக்கட்டும்."

டிரைவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஷிஜுவின் ஜீப்பில் ஏறிக்கொண்டிருந்த பெண்கள் படியிலேயே நின்றார்கள்.

"வயிறு வலிக்குதுடி" என்றார் சுவக்கீன் அண்ணன், சத்தமாக. "கத்தரீ, ரொம்ப வலிக்குதுடி."

"எந்த இடம்?" என்று கேட்டாள். அவர் காட்டினார். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, மதினி அங்கே கையை வைத்து அழுத்திப் பிடித்தாள். வெகுநேரம் அந்தக் கையை எடுக்கவில்லை.